குடும்பம் என்கிற நோயாளி: பனியன் கம்பெனி நிலத்திலிருந்து சில குறிப்புகள்

1

பிள்ளைக்கு மனச்சிக்கல் என்றால் குடும்பத்தையே உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது இன்று உளவியல் சிகிச்சையில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற விஷயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'குடும்பம்' என்று எதைச் சொல்கிறார்கள், அது சிகிச்சை அறைக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்க்காமல் இதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

மேற்கில் அந்த வாசல் நீதிமன்றத்தின் வாசல். 1909இல் சிகாகோவில் வில்லியம் ஹீலி தலைமையில் ஏற்பட்ட நிறுவனம், சிறார் நீதிமன்றத்துக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளைகளை ஆராய்வதற்காக ஏற்பட்டது. அதன் தொடர்ச்சியாகக் குழந்தை வழிகாட்டு மையங்கள் பரவின. 1937இல் பம்பாயில் டாடா சமூகப்பணிப் பள்ளி அப்படியொரு மையத்தைத் தொடங்கியது. பிள்ளையை மருத்துவர் பார்ப்பார், தாயைச் சமூகப்பணியாளர் தனியே விசாரிப்பார் என்பது இம்மையங்களின் வழக்கமான ஏற்பாடு. குற்றம் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுந்தது.

1960களில் சால்வடார் மினுச்சின், நியூயார்க்கின் வில்ட்விக் பள்ளியில் இருந்த ஏழைக் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கச் சிறுவர்களின் குடும்பங்களை மொத்தமாக ஓர் அறையில் உட்காரவைத்தார். சேரிக் குடும்பங்களைப் பற்றிய அவரது நூல் 1967இல் வந்தது. குடும்ப சிகிச்சை வசதியானவர்களின் வரவேற்பறையில் மட்டும் பிறந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். பத்து வருஷம் கழித்து, 1977இல், பிரான்சில் ழாக் தொன்ஸெலோ வேறொரு கேள்வியைப் போட்டார்: உதவி என்ற பெயரில் நீதிபதியும் மருத்துவரும் ஆசிரியரும் சேர்ந்து ஏழைக் குடும்பத்தைக் கண்காணிக்கிறார்களா?

2

இந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால் பொருந்துமா? முழுசாகப் பொருந்தாது. ஃபூக்கோ எழுதிய 'பெரும் அடைப்பு' இங்கே அந்த அளவில் நடக்கவே இல்லை. சென்னையில் 1794இலேயே மனநோயர் விடுதி வந்துவிட்டது; 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டில்கள் எந்த மூலைக்கு? பெரும்பாலான மனநோயரை வைத்திருந்தது வீடுதான். பார்த்துக்கொண்டதும் வீடுதான், பூட்டி வைத்ததும் வீடுதான்.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவது நடைமுறையானது. மேற்கு நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே சேர்த்து வைத்தார்கள். இது சாதாரணச் சாதனையல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்பம் இங்கே ஆள் பற்றாக்குறையின் ஊடாக, பராமரிப்பவராகத்தான் உள்ளே வந்தது. அது நல்லது என்பது முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்து செத்தார்கள். பலரை அங்கே கொண்டுவந்து விட்டது குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி விடாதது அரசு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

3

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மூலனூர் தாராபுரத்துக்குக் கிழக்கே கரூர் சாலையில் இருக்கிற வானம் பார்த்த பூமி. முருங்கையும் ஆடுமாடும்தான் பிழைப்பு. கோவை மாவட்டத்தில் இருந்தது, 1979இல் பெரியார் மாவட்டத்துக்கும் 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் போனது. கம்பெனி வேன் அதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்று இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த வீட்டில் நாலு பேரும் விழித்திருக்கிற நேரத்தில் ஒன்றுகூடுவது வாரத்தில் ஒரு நாள்தான். குடும்பத்தோடு வாருங்கள் என்று சொல்கிற உளவியலாளர் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கேட்கிறார்.

1956இல் கிரிகரி பேட்சனும் கூட்டாளிகளும் 'இரட்டைப் பிடி' என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகள், இரண்டையும் மீற முடியாது, விட்டு வெளியேறவும் முடியாது. மனச்சிதைவுக்கு அதுவே காரணம் என்று அவர்கள் நினைத்தது நிற்கவில்லை. ஆனால் ஒரு நிலைமையை விவரிக்க இந்தக் கருத்து இன்றும் உதவுகிறது. 2000களில் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பரவலாக நடந்த 'சுமங்கலித் திட்டத்தை' எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் ஒரு மொத்தத் தொகை. அது 1961இலேயே சட்டம் தடைசெய்த வரதட்சணைக்கான சேமிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். 'கல்யாணச் செலவுக்கு நீயே சம்பாதிச்சுட்டு வா சாமி' என்று அனுப்புகிற அதே ஊர், 'மில்லுக்குப் போய் வந்த புள்ளைங்களா?' என்று பெண் பார்க்கும்போது கேட்கிறது. நடுவில் நின்றால் தொகை கையில் வராது. போனில் பேசுவதற்கும் கட்டுப்பாடு. பேட்சன் சொன்ன எல்லா நிபந்தனைகளும் இங்கே இருக்கின்றன. ஒரே வித்தியாசம், முரண்பட்ட கட்டளையைப் பிறப்பிப்பது தாய் அல்ல. தாய் அதை ஒப்பிக்கிறாள், அவ்வளவுதான். கட்டளை கல்யாணச் சந்தையிலிருந்தும் நூல் சந்தையிலிருந்தும் வருகிறது.

இந்தப் பெண் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேசுவதில்லை என்று அழைத்து வரும்போது, வீட்டுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை என்று முடிவுகட்டுகிற சிகிச்சை தொன்ஸெலோவின் சந்தேகத்தை மெய்யாக்கிவிடும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது குடித்துவிட்டு வந்து பிள்ளையை அடித்த அப்பனை 'கோப மேலாண்மை' வகுப்புக்கு அனுப்பினால் போதுமா? நொய்யலைச் சாக்கடையாக்கிய லாபம் ஓரிடம், அது நின்றபோது விழுந்த அடி வேறிடம். அதற்காக அடித்த கையை மன்னித்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அடிவாங்கிய பிள்ளைக்கு அரசியல் பொருளாதார விளக்கம் மருந்தாகாது.

4

'எல்லாம் முதலாளித்துவத்தின் நோய், புரட்சி வந்தால் தீரும்' என்று நம் தோழர்கள் சிலர் கையை உதறிவிடுவதும் இதனால்தான் ஏற்க முடியாதது. அந்தப் பெண்ணுக்கு இன்றைக்குத் தூக்கம் வேண்டும். சிகிச்சை வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதை உரிமை என்கிறது. 14416 என்ற இலவச எண் 2022இல் வந்தது. போன் வாங்கி வைக்கப்பட்ட விடுதிக்குள்ளிருந்து அந்த எண்ணை எப்படி அழைப்பது என்பதுதான் கேள்வி.

குடும்ப சிகிச்சையில் மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைவார்கள். யாருக்கு யார் உறவு, யாரோடு யாருக்குப் பகை என்று கோடு போடுவார்கள். திருப்பூர் வட்டாரத்தில் அந்தத் தாளில் கான்ட்ராக்டரையும் வரைய வேண்டும், வட்டிக்குக் கொடுத்தவரையும் வரைய வேண்டும், ஷிப்ட் நேரத்தையும் குறிக்க வேண்டும். மனநலப் பணியாளர் சனிக்கிழமை சம்பளம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வர வேண்டும். குடும்பமாக ஒரு சுற்று, பெண்ணிடம் தனியாக ஒரு சுற்று. தனியாக அவள் சொன்னது வீட்டுக்கும் போகக்கூடாது, கம்பெனிக்கும் போகக்கூடாது. தொழிற்சங்கங்கள் போனஸோடு சேர்த்து இதையும் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் எட்டு மணி நேர வேலைக்கும் சிரித்தார்கள்.