பேஸ் கிட்டார்காரர் எங்கே போனார்?

இன்னைக்கு நாம பேசப்போறது கச்சேரி மேடையில கடைசி வரிசையில, டிரம்ஸ் பக்கத்துல நிக்கிற ஒருத்தரைப் பத்தி. கையில நாலு கம்பி உள்ள, கழுத்து நீண்ட கிட்டார். அவர் வாசிக்கிறது பெரும்பாலானவங்களுக்குத் தனியாக் கேட்காது. நிறுத்திட்டா மட்டும் பாட்டுல என்னமோ குறையுதேன்னு தோணும். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னாடி பேராவூரணி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம் இன்னிசைக் கச்சேரி பார்த்தவங்களுக்கு இந்த ஆள் ஞாபகத்துல இருப்பார். இப்போ அதே ஊர்கள்ல கல்யாண வரவேற்புக்கு மூணு பேர் வர்றாங்க. ஒரு கிட்டார், ஒரு கஹோன், பாட ஒருத்தர். 'அன்ப்ளக்டு'ன்னு பேர். அதுல பேஸ்காரர் இல்லை.

இந்தக் கதையைக் கிட்டார்ல ஆரம்பிக்கிறதைவிட நாகஸ்வரத்துல ஆரம்பிக்கிறதுதான் சரின்னு எனக்குப் படுது. காவிரிப் பக்கத்துல மேளம்னா நாகஸ்வரம், தவில், தாளம், இதோட ஒத்து. ஒத்து பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனா விரல் வச்சு வாசிக்கிற துளை கிடையாது. கீழே இருக்கிற துளைகளை மெழுகால அடைச்சு சுருதி சேர்த்துக்குவாங்க. கன்னத்துல காத்தை அடக்கி வச்சு, மணிக்கணக்கா ஒரே சுரத்தை விடாம ஊதணும். அந்தச் சுரத்து மேலதான் மொத்தக் கச்சேரியும் நிக்கும். ஆனா அந்த ஆளுக்குக் கைதட்டல் கிடையாது.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இதுல ரெண்டு மாற்றம் செஞ்சார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கைவேலையில உருவான, நீளம் கூடின, சுருதி இறங்கின 'பாரி' நாயனத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். உச்ச சுருதியில கத்துற திமிரிக்குப் பதிலா ஒரு கனமான குரல் கிடைச்சுது. வீதியில பல தெரு தாண்டிக் கேட்கணும்ங்கிற கவலையை மைக் ஏற்கெனவே குறைச்சிருந்த காலம் அது. இன்னொண்ணு, ஒத்துக்குப் பதிலாத் தம்பூரா வச்சுக்கிட்டார். பிறகு சுருதிப்பெட்டி வந்தது, அதுக்குப் பிறகு எலக்ட்ரானிக் பெட்டி. ஒத்துக்காரர் இறங்கிட்டார். 'ஒத்து ஊதுறான்'ங்கிற வசவு மட்டும் நம்ம பேச்சுல தங்கிடுச்சு. அந்த வேலை எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சவன் அதை வசவாச் சொல்லியிருக்க மாட்டான்.

இப்போ சினிமாப் பாட்டுக்கு வருவோம். லியோ ஃபெண்டர் அமெரிக்காவுல எலக்ட்ரிக் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951. அதுவரைக்கும் கீழ்ச்சத்தம் வேணும்னா ஆள் உயர டபுள் பேஸைத்தான் தூக்கிட்டு அலையணும். மெட்ராஸ் ஸ்டுடியோக்கள்லயும் அதுதான் நின்னுக்கிட்டு இருந்தது. 1976-ல 'அன்னக்கிளி'யோட வந்த இளையராஜா, அடுத்த சில வருஷத்துல பேஸை வேறொரு இடத்துல கொண்டுபோய் வச்சார். பாட்டோட அடிச்சுரத்தை மட்டும் பிடிச்சுட்டு நிக்காம, அடியில தனியா இன்னொரு மெட்டே ஓடும். அதைப் பல பாட்டுல வாசிச்சவர் சசிதரன். இந்தப் பேர் நம்ம ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாததுக்கு ஒரு காரணம் குழாய் ஸ்பீக்கர். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாத்துக்கும் தென்னை மரத்துல கட்டுற அந்தப் புனல் இருக்கே, அதுல சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒண்ணும் வராது. பேஸ் கிட்டாரோட கடைசிக் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதாவது, இளையராஜா எழுதின அந்த ரெண்டாவது மெட்டைப் பாதி நாடு மேல்சத்தத்தை மட்டும் வச்சுக் காதாலேயே ஊகிச்சுக் கேட்டிருக்கு. எங்க கடலோரத்துல அதை மாத்தினது சிங்கப்பூர், மலேசியான்னு போயிட்டு வந்தவங்க. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு டேப்ரெக்கார்டர் வந்து இறங்கிச்சு. அப்புறம் மைக்செட்காரங்க பெட்டி ஸ்பீக்கர் வாங்கினாங்க. பேஸ் காதுல விழ ஆரம்பிச்ச பிறகுதான் உள்ளூர்க் குழுக்கள் பேஸ்காரரைத் தேடிப்போனாங்கங்கிறது என் கணிப்பு.

சென்னையில ஏ. வி. ராமணன் 'மியூசியானோ', பிறகு லக்ஷ்மன் ஸ்ருதி மாதிரிப் பெரிய குழுக்கள். அதைப் பார்த்து மாவட்டத்துக்கு மாவட்டம் சின்னக் குழுக்கள். ஒரு வேன்ல பத்துப் பன்னிரண்டு பேர், மேல டிரம்ஸ். இங்க நீலகண்டப் பிள்ளையார் கோயில் சித்திரைத் திருவிழா மாதிரி விசேஷங்களை நம்பித்தான் அவங்க வருஷம் ஓடுச்சு. எங்க பக்கத்துப் பேஸ்காரர் ஒருத்தர் சொல்வார்: "நோட்ஸ் யாரு தம்பி குடுத்தா? கேசட்டைச் சுத்திச்சுத்திக் கேட்டேன். நாடா அறுந்துபோகும், ஒட்டிட்டு மறுபடி கேப்பேன்." ஒரு பாட்டுக்கு ரெண்டு நாள் ஆகுமாம்.

அவரை இறக்கிவிட்டது எதுன்னு கேட்டா ஒரே காரணம் சொல்ல முடியாது. 1986-ல 'புன்னகை மன்னன்'லயே இசைக்குக் கம்ப்யூட்டர் வந்துடுச்சு. கொஞ்ச வருஷத்துல மேடைக் கீபோர்டும் மலிவாச்சு. கீபோர்டுக்காரர் இடது கையால பேஸ் வாசிச்சிடுவார், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். டிரம்ஸ் இடத்துக்கு ஆக்டோபேட் வந்தது. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு சொன்னது. விடிய விடிய நடந்த கச்சேரி மூணு மணி நேரமாச் சுருங்குச்சு. மூணு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பேரா? 2018 நவம்பர் 16 கஜா புயல்ல எங்க தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ஞ்சது. புதுக் கன்று காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். விசேஷ வீட்டுல முதல்ல வெட்டின செலவு பாட்டுக்கச்சேரிதான். 2020 ஊரடங்குல கல்யாணத்துக்கே 50 பேர்தான்னு ஆனப்போ, மேடையில பத்துப் பேர் நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க நிக்கிறது?

அன்ப்ளக்டுக்கு அந்த நேரம் சரியாப் பொருந்துச்சு. இந்தப் பேரைப் பிரபலமாக்கினது 1989-ல தொடங்கின அமெரிக்க எம்டிவி நிகழ்ச்சி. அதுல வந்து 1992-ல உலகம் பூரா வித்த எரிக் கிளாப்டன் ஆல்பத்துல நேதன் ஈஸ்ட்னு ஒரு பேஸ்காரர் இருக்கார். அடுத்த வருஷம் நிர்வாணா வாசிச்சப்போ நோவோசெலிக் கையிலயும் பேஸ்தான். நாம ஸ்டூலை எடுத்துக்கிட்டோம், மங்கின விளக்கை எடுத்துக்கிட்டோம், அவரை விட்டுட்டோம்.

அவர் இடத்துல இப்போ இருக்கிறது கஹோன். பெரு நாட்டுல ஆப்பிரிக்க அடிமைகள் மரப்பெட்டியைத் தட்டித் தட்டி வாத்தியமாக்கினது. நடுவுல அடிச்சா 'தும்', ஓரத்துல அடிச்சா 'சட்'. அந்த 'தும்' கீழ்ச்சத்தம்தான், ஆனா அதுல சுரம் இல்லை. கிட்டார்காரர் கட்டைவிரலால கடைசிக் கம்பியை மீட்டுறார், அது 82 ஹெர்ட்ஸ், பேஸுக்கு ஒரு ஸ்தாயி மேலே. மூணு பேரும் நல்லாவே வாசிக்கிறாங்க, குறை சொல்லலை. ஆனா எண்பதுகள் பாட்டை எடுக்கும்போது அந்த ரெண்டாவது மெட்டு காணாமப் போயிடுது. கேட்கிற பிள்ளைகளுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. பழைய குழாய் ஸ்பீக்கர்லகூட அதோட நிழலாவது கேட்டுச்சு.

சவுண்டுக்காரங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. 41 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் எட்டு மீட்டருக்கு மேலே. டைல்ஸ் போட்ட சின்ன ஏ.சி. மண்டபத்துல அது சுவத்துல மோதி ஒரு மூலையில 'கும்ம்'னு குவியும், பக்கத்து மூலையில காணவே காணாது. சரியா வைக்கத் தெரியணும், நேரம் வேணும். வேண்டாம்னு சொல்றது சுலபம்.

முழுக்க அழிஞ்சுடுச்சுன்னும் சொல்ல முடியாது. சர்ச் பாடகர் குழுக்கள்ல பேஸ் இன்னும் இருக்கு, சின்னப் பசங்க அங்கதான் கத்துக்கிறாங்க. கேசட் ஒட்டிக் கேட்டேன்னு சொன்னேனே, அந்த அண்ணன் இப்போ தேங்காய் மண்டியில கணக்கு எழுதுறார். போன வருஷம் ஒரு அன்ப்ளக்டு குழு அவரைக் கூப்பிட்டிருக்கு. சின்ன ஆம்ப் போதும், ஸ்டூல்ல உக்காந்து வாசிக்கணும்னாங்களாம். "இருபது வருஷம் நின்னே வாசிச்சவன் தம்பி, உக்காந்தா இடது கை மடங்க மாட்டேங்குது"ன்னு சிரிச்சார். சம்பளத்தை மூணு பங்குக்குப் பதிலா நாலு பங்கு போடணுமே, பசங்க ஒத்துக்கிட்டாங்களான்னு கேட்டேன். "பெரிய மண்டபமா இருந்தா கூப்பிடறாங்க. மாசத்துக்கு ஒண்ணு, முகூர்த்த மாசம்னா ரெண்டு"ன்னார்.