நின்ற சக்கரத்தின் வெப்பம் எங்கே போகிறது?



தாப்பா ரோட்டிலிருந்து நமது தெலுக் இந்தானுக்கு 1893-ஆம் ஆண்டில் இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்போது ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். இன்றைய பெயர் 1982-ஆம் ஆண்டில் வந்தது. பாதை 1989-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அன்றைய வண்டிகளை நிறுத்த, சக்கரங்களின் மீது பிரேக் கட்டைகள் அழுத்தின. வண்டி நின்றதும் கட்டையும் சக்கரமும் சூடாக இருக்கும். வண்டியின் வேகம்தான் அப்படி வெப்பமாக மாறியது.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது தொழிற்சாலைகளில் கடைசல் இயந்திரங்களின் முன் நின்று வேலை செய்கிறார்கள். அந்த இயந்திரங்களிலும் நிறுத்தும் வெப்பம் ஒரு சிறு பெட்டிக்குள் சேருகிறது. அதன் வரலாற்றை அறிவது அவர்களுடைய கைக்கும் உயிருக்கும் காவலாகும்.

இயந்திரத்தின் இயக்கம் வெப்பமாக மாறுவதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ரம்போர்ட் பிரபு. 1798-ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைக் குடையும்போது அவை கடுமையாகச் சூடேறுவதை அவர் கவனித்தார். மழுங்கிய துளைக்கருவியைத் தண்ணீருக்குள் வைத்துக் குதிரை பலத்தால் உராயச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், தண்ணீர் கொதித்தது! பின்னர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், மின்சாரம் பாயும் கம்பி எவ்வளவு சூடாகும் என்பதற்கு 1840-களின் தொடக்கத்தில் விதி கண்டார். இவ்விரண்டும் நம் கதைக்கு அடிப்படை.

முற்காலப் பட்டறைகளில் ஒரே நீராவி இயந்திரம் கூரையடியில் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல்வார்கள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும். வாரைத் தள்ளிவிட்டால் இயந்திரம் தானாக மெல்ல நிற்கும். பிறகு இயந்திரத்துக்கு ஒரு மின்மோட்டார் என்ற காலம் வந்தது. தமிழகத்தில் கோயம்புத்தூருக்கு 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தது. அங்கே 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு உருவாக்கிய மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. மோட்டார் வந்ததும் வேலை விரைந்தது; விரைவாக நிறுத்த வேண்டிய தேவையும் வந்தது.

அமெரிக்கரான வார்டு லியோனார்டு 1891-ஆம் ஆண்டில் ஒரு முறையைக் கண்டிருந்தார். ஒரு மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்ற, அதன் மின்சாரம் இயந்திரத்தின் மோட்டாரை ஓட்டும். வேகத்தைக் குறைக்கும்போது இயந்திரத்தின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆனால் இதற்குப் பெரிய இயந்திரத் தொகுதி தேவைப்பட்டது.

தைரிஸ்டர் 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தபின் மின்னணுக் கட்டுப்பாடு வளர்ந்தது. சிறிய இன்வெர்ட்டர் பெட்டிகள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மின்சாரம் டயோடுகள் வழியாக உள்ளே வரும். திரும்பிப் போக வழியில்லை. ஒருவழிக் கதவு போல! மோட்டாரை நிறுத்தும்போது பிறக்கும் மின்சாரம் உள்ளேயே தேங்கி மின்னழுத்தத்தை ஏற்றும். அதை வாங்கி வெப்பமாக்கி வெளியேற்றும் கம்பிச்சுருளே பிரேக் மின்தடை. மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் இன்வெர்ட்டர்களும் இன்று உண்டு. அவற்றின் விலை அதிகம்.

இந்த வெப்பம் எவ்வளவு? 40 சென்டிமீட்டர் விட்டமும் 50 கிலோ எடையும் உள்ள இரும்பு வட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். அதிலுள்ள ஆற்றல் சுமார் 12,300 ஜூல். 2 விநாடியில் நிறுத்தினால் மின்தடை சராசரி 6 கிலோவாட் தாங்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினால், ஒரு மணி நேரத்தில் சேரும் வெப்பம் இரண்டரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். ஒரு குடும்பத்துக்குத் தேநீர் போடலாம்!

இவ்வெப்பம் காற்றில் கலந்தாக வேண்டும். ஆகவே மின்தடையை மின்னணுப் பெட்டிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்துகிறார்கள். மேலும் கீழும் இடைவெளி வேண்டும். மின்கம்பிகள் அருகில் போகக் கூடாது. சில இடங்களில் விசிறியும் உண்டு. அளவு மீறிச் சூடேறினால் வெப்பச் சுவிட்சு இயந்திரத்தை நிறுத்தும். அந்தச் சுவிட்சு அடிக்கடி வேலை செய்கிறதென்று அதைச் சேர்த்துக் கட்டிவிடுவது பெருந்தவறு.

மின்தடைக் கம்பி எரிந்து அறுந்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் ஏறி இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக் கொள்ளும். சுழலும் தலையோ உடனே நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டதென்று நம்பிக் கைநீட்டுபவரின் விரலுக்கு அங்கே ஆபத்து.

வேலைக்குச் செல்லும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தப் பெட்டியின் மேல் எண்ணெய்த் துணியோ காகிதமோ வைக்க வேண்டாம். தூசியும் எண்ணெயும் படிய விட வேண்டாம். விசிறி சுழல்கிறதா என்று நாள்தோறும் பார்க்கட்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சூடு நெடுநேரம் இருக்கும்; தொட வேண்டாம். சக்கரம் முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்னரே கை உள்ளே போகட்டும்.