திருவாதிரை முதல் தைப்பூசம் வரை: பாவை நோன்பின் கால எல்லை

மார்கழி பிறந்ததும் திருமலையில் சுப்ரபாதம் நின்று திருப்பாவை ஒலிக்கிறது. வீடுகளிலும் கோயில்களிலும் நாளுக்கொரு பாசுரம் பொருள் சொல்லப்படுகிறது. 27ஆம் நாள் கூடாரவல்லி, அன்று அக்காரவடிசில். 30ஆம் நாளோடு நோன்பு முடிந்தது என்கிறோம். இந்த அளவு நமக்கு மிகவும் பழகிவிட்டதால், தொடக்கம் முதலே இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். அது சரியன்று. பாவை நோன்பு ஞாயிற்று மாதத்தால் அளக்கப்பட்டதன்று, நிலவால் அளக்கப்பட்டது. அதன் எல்லை மார்கழிக்குள் அடங்குவதும் அன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சங்கப் பாடல்களில் மகளிர் நோன்பு நீராடலுக்கு உரிய திங்களாகச் சொல்லப்படுவது தை. நற்றிணை 80, ஐங்குறுநூறு 84, கலித்தொகை 59 ஆகிய மூன்றிலும் தைத்திங்களின் நீராடலே பேசப்படுகிறது. ஆண்டாளோ திருப்பாவையின் முதல் பாசுரத்திலேயே மார்கழியைப் பெயர் சொல்லித் தொடங்குகிறாள். தைந்நீராடல் எப்போது, எதனால் மார்கழி நீராடலாயிற்று?

விடை பரிபாடல் 11இல் இருக்கிறது. நல்லந்துவனார் பாடிய இவ்வையைப் பாட்டில், மார்கழி நிறைமதியோடு கூடிய திருவாதிரையன்று அந்தணர் விழாத் தொடங்க, கன்னியர் அம்பா ஆடல் ஆடுகின்றனர். அதே பாட்டு அந்த ஆடலைத் தைந்நீராடல் என்றும் சொல்கிறது. ஒரே நோன்புக்கு இரண்டு திங்களின் பெயர் வருவது முரண்போலத் தோன்றும். நிறைநிலா முதல் அடுத்த நிறைநிலா வரை ஒரு திங்கள் என்றும், முடியும் நிலவே அத்திங்களுக்குப் பெயர் தருகிறது என்றும் கொண்டால் முரண் இல்லை. மார்கழி நிறைநிலாவில் தொடங்குவது தைத்திங்கள். அது தைப்பூச நிலவில் நிறைவுறும். மு. இராகவையங்கார் இவ்வழியில்தான் இச்சிக்கலை அவிழ்த்தார்.

ஆண்டாளின் சொற்களும் இதற்கு அரண் செய்கின்றன. அவள் மார்கழி என்பதோடு நிற்கவில்லை, நிறைமதி நாள் என்றும் சேர்த்தே சொல்கிறாள். ஞாயிற்று மாதத்தின் முதல் நாள் நிறைநிலாவாக அமைவது எப்போதாவது நேர்வது. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகமோ தைத்திங்களில் தரை விளக்கிக் கோலமிட்டுக் காமனைத் தொழுவதில் தொடங்குகிறது. இரு நூல்களையும் இரு வேறு நோன்புகளாகப் பிரித்துப் படிப்பது உரை மரபு. ஒரே பருவத்தின் தொடக்கமும் தொடர்ச்சியுமாகப் படிக்க இடமுண்டு என்பது என் கருத்து.

சைவ மரபில் வேறொரு மாற்றம் நடந்தது. கோயில்களில் திருவெம்பாவை விழா பத்து நாள் நடந்து திருவாதிரையன்று ஆருத்திரா தரிசனத்தோடு முடிகிறது. யாழ்ப்பாணத்தில் இன்றும் அந்தப் பத்து நாளும் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தெருவெல்லாம் பாடி வருகிறார்கள். இங்கே நிலவின் கணக்கு தப்பிப் பிழைத்திருக்கிறது, ஆனால் திசை மாறிவிட்டது: நோன்பின் தொடக்க நாளாக இருந்த திருவாதிரை விழாவின் முடிவு நாளாயிற்று. நட்சத்திர நாளில் முடியும் பத்து நாள் கோயில் விழாவின் அமைப்பு நோன்பைத் தன் வடிவுக்கு இழுத்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டும். தமிழகத்தில் இன்னும் ஒரு படி கூடுதலாக, திருவண்ணாமலையில் பாடிய திருவெம்பாவை 20 பாடல்களோடு திருப்பெருந்துறையில் பாடிய திருப்பள்ளியெழுச்சி 10 பாடல்களும் சேர்ந்து, மார்கழியின் 30 நாளுக்கும் நாளுக்கொன்றாகப் பங்கிடப்பட்டன. திருப்பள்ளியெழுச்சி பாவைப்பாட்டே அன்று.

கோயில் மாற்றிக்கொண்டதை வாசல் மாற்றிக்கொள்ளவில்லை. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளில் மார்கழி முழுவதும் பெண்பிள்ளைகள் விடியலில் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூச் செருகி நடுவில் வைப்பார்கள். மாலையில் அதைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். பூ வாடிச் சாணத்தோடு ஒட்டி, மஞ்சள் கறையாக மட்டும் தெரியும். மார்கழி முடிந்ததும் அவற்றைத் தூர எறிவதில்லை. தைப்பொங்கல் கழிந்து சில நாளில், முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு கட்டி, அதில் பொங்கலிட்டு, அந்த வரட்டிகளில் சூடம் ஏற்றி ஆற்றிலோ குளத்திலோ விட்டுக் கும்மியடிப்பார்கள். மார்கழியில் தொடங்கித் தையில் நீர்த்துறையில் முடியும் கன்னியர் சடங்கு இது. தையில் நீராடிய தவத்தைச் சொல்லும் கலித்தொகை 59இல், அத்தலைவி சிறுசோறு ஆக்கி விளையாடியதும் வருகிறது என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சிறுவீட்டுப் பொங்கலைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிய நம் ஆய்வுகள், பாவை நோன்பின் மூலச்சான்றுகளுள் ஒன்றைக் கைவிட்டன என்றே சொல்வேன். உரைகளை ஒப்பிட்டது போதாது. எந்தெந்த ஊரில் வரட்டி எந்த நாளில் நீரில் விடப்படுகிறது, அந்த நாள் தேதியால் வருகிறதா, கிழமையால் வருகிறதா, பூசத்தை ஒட்டி வருகிறதா என்பது ஊர்வாரியாகப் பதிவாக வேண்டும். சாணம் தெளிக்க மண்வாசல் இல்லாத தெருக்கள் பெருகிவருகின்றன. அச்சடங்கைச் செய்த பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். களஆய்வாளர்கள் வரும் தையிலேயே அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.