தொழிற்சாலைச் சட்டம் (இந்தியா)

ஆலைக்குள் வேலை செய்பவரின் உயிர், உடல்நலம், வேலை நேரம், ஓய்வு ஆகியவற்றுக்கு ஆலையை நடத்துபவரைப் பொறுப்பாக்கிய இந்தியச் சட்டம். 1881இல் முதன்முதலாக இயற்றப்பட்டது. 1891, 1911, 1922, 1934 ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்டு, விடுதலைக்குப் பின் 1948இல் முழு வடிவம் பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்தில், 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அடிபட்டவர் கவனமாக இருந்தாரா என்று கேட்பதை விட்டு, அடிபடாதபடி ஆலையை வைத்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்கும் நிலைக்குச் சட்டம் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் சட்டம் கருணையால் மட்டும் பிறந்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளின் மலிவான உற்பத்தி தங்கள் சந்தையைப் பறித்துவிடும் என்று அஞ்சிய இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நெருக்குதலும் அதற்குப் பின்னால் இருந்தது. 1875இல் பம்பாயில் விசாரணைக் குழு அமைந்தது. ரிப்பன் பிரபு வைசிராயாக இருந்தபோது சட்டம் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், இயந்திர விசையால் ஓடும் ஆலைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் என்பதுதான் அன்றைய சீர்திருத்தம். ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி போட வேண்டும் என்ற கடமையும் அதில்தான் முதலில் எழுதப்பட்டது. வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் தொடவே இல்லை.

அடுத்த அடிகளைத் தொழிலாளர்களே எடுத்து வைத்தார்கள். நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். மறு ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, தொழிலாளர் கூலி உயர்வோடு ஓய்வையும் கேட்டுப் பெற்றார்கள். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பின்னி ஆலைத் தொழிலாளரின் முக்கியமான குறைகளில் ஒன்று, மதியம் சோறு உண்ணக்கூட நேரம் போதவில்லை என்பது.

1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி, அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில் 1946இல் 48 மணி என வேலை நேரம் இறங்கியது.

1948ஆம் ஆண்டுச் சட்டம், மின்சாரம் முதலிய விசையைப் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லையென்றால் இருபது பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. அதன் பிரிவுகளைப் படித்தால், இயந்திரத்தின் அருகில் நின்று பார்த்தவர்கள் எழுதியது என்பது தெரியும். ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளி ஒருவர், உடலை ஒட்டிய இறுக்கமான உடை அணிந்துதான் செய்ய வேண்டும். தொங்கும் வேட்டி முனையைச் சுழலும் தண்டு பற்றி இழுத்துவிட்டால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அந்த உடையை வாங்கித் தர வேண்டியவர் முதலாளி. உடுத்துபவரின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் இறங்குவதற்கான 36ஆம் பிரிவும் அப்படித்தான். உள்ளே ஆபத்தில்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் தர வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இந்த ஒரு பிரிவை மதித்திருந்தால் எத்தனையோ பேர் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. சுற்றி வாழ்ந்த மக்களுக்கு அந்த வாயு என்னவென்றே தெரியாது. மறு ஆண்டு டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்னும் புகையும் கந்தக அமிலம் கசிந்தது. அது தொடர்பான வழக்கில்தான் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துபவர் எந்த விலக்கும் கோர முடியாது, முழுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது.

1987 திருத்தம் இந்த இரண்டின் விளைவு. கம்பெனி என்றால் இயக்குநர் ஒருவரே பொறுப்பாளியாகக் கருதப்படுவார் என்றது. மேலாளரைக் கைகாட்டித் தப்பும் வழி அடைபட்டது. 1996இல் உச்ச நீதிமன்றமும் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் இதை உறுதி செய்தது. ஆலையில் உள்ள ஆபத்தைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லியாக வேண்டும் என்பதும் கடமையாயிற்று. அபாயகரமான ஆலைகளில் உயிருக்கு ஆபத்து நெருங்குவதாகத் தொழிலாளி எச்சரித்தால், நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். எச்சரிக்கையை ஏற்காவிட்டால் விஷயத்தைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டும். ஆயினும் போபால் வழக்கில் இந்திய நிர்வாகிகளுக்கு 2010இல் கிடைத்த தண்டனை ஈராண்டுச் சிறை மட்டுமே. அந்த மரணங்களின் முன் இது மிகச் சிறிது.

வேலை நேரம் மீண்டும் சர்ச்சையானது தமிழ்நாட்டில். 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

பதின்மூன்று சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, அபாய எச்சரிக்கை தரும் உரிமையை எல்லா நிறுவனத் தொழிலாளருக்கும் விரித்தது. பணி நியமனக் கடிதத்தையும் கட்டாயமாக்கியது. இவை நல்ல மாற்றங்கள். அதே தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கையை இருபது, நாற்பது என இரட்டிப்பாக்கியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள சிறு பட்டறைக்கு முதலாளியின் பொதுக் கடமைகள் இன்னும் பொருந்தும். ஆனால் தொழிற்சாலைகளுக்கென்றே எழுதிய தனி விதிகளின் காவல் அங்கே கிடைக்காது. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் கைவைத்து வேலை செய்பவர்கள் பெருமளவில் இருப்பது அத்தகைய பட்டறைகளில்தான்.