கொல்லாத மூலிகையின் பயன்

நம் கல்லூரிகளில் நடக்கும் மூலிகை ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. இலையை நிழலில் உலர்த்திப் பொடிக்கிறார்கள். எத்தனாலில் சாறெடுத்து, பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் இடுகிறார்கள். மறுநாள், பாக்டீரியா வளராத தடுப்பு வளையத்தின் விட்டத்தை அளக்கிறார்கள். வளையம் பெரிதாக இருந்தால் மூலிகை வென்றதாக முடிவு எழுதப்படுகிறது. ஆனால் சாறு அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதும் அந்த அளவை மாற்றும். மேலும், நல்ல ஆன்டிபயாடிக் மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே வேலை செய்யும். சாறுகள் பலவற்றுக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். இரத்தத்தில் அந்த அளவை எட்டுவது நடக்கிற காரியமில்லை.

மூலிகையின் அருமை வேறோர் இடத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் அருகிவரும் மரமஞ்சள் கொடிக்கு மஞ்சள் நிறத்தைத் தருவது பெர்பெரின். அது பாக்டீரியாவுக்குப் பகைதான். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் சவ்வில் நார்-ஏ என்றொரு புரதப் பம்பு உண்டு. படகில் ஏறிய நீரை இறைப்பதுபோல உள்ளே நுழைந்த பெர்பெரினை அது வெளியே இறைத்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அதே கதிதான்.

பிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. பெர்பெரின் சுரக்கும் அமெரிக்க பெர்பெரிஸ் செடிகளில், மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்ற இன்னொரு பொருளும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். தனியாக அதற்குக் கொல்லும் திறன் கிடையாது. பம்பை முடக்குவதே அதன் வேலை. பெர்பெரின் உள்ளேயே தங்க, பாக்டீரியா மடிகிறது. நஞ்சையும் அதற்குத் துணையையும் ஒரே செடி சமைத்து வைத்திருக்கிறது! தடுப்பு வளையத்தை மட்டும் பார்ப்பவர் அந்தத் துணைப்பொருளை முதல் நாளே குப்பையில் கொட்டியிருப்பார்.

மிளகின் பைபெரினும் இவ்வகையே. மெத்திசிலினுக்கு அடங்காத வகை உட்பட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம், பைபெரின் சேர்ந்தால் குறைந்த சிப்ரோஃப்ளாக்சசினே போதும் என்று ஜம்மு ஆய்வகத்தார் 2006-இல் காட்டினார்கள். இது ஆய்வகக் குழாயில் கண்ட முடிவு. மாத்திரையோடு மிளகைத் தாமாகவே சேர்த்துக்கொள்ள யாரும் இதை ஆதாரமாக்க வேண்டாம். மேலும், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு என்ற இரண்டாவது காப்பும் இருப்பதால், அங்கே தாவரப் பொருள்கள் நுழைவதே கடினம்.

2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக மாண்டவர்கள் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் என்பது உலகளாவிய மதிப்பீடு. ஆகவே, தாவரவியல், நுண்ணுயிரியல் மாணவர்களே, வளையம் விழாத சாற்றை உடனே கொட்டிவிடாதீர்கள். செயலிழந்துபோன ஆன்டிபயாடிக் ஒன்றோடு சேர்த்து அதை இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள்.