எடின்பரோ மொட்டை மாடியில் ஒரு கடுகு வாயு சோதனை

மியூட்டேஷன்னு சொன்னதும் நம்ம பலருக்கு எக்ஸ்-மென் படம்தான் ஞாபகம் வரும். நிஜ மியூட்டேஷன் சத்தமே இல்லாம நடக்குற விஷயம். ஒரு ரசாயனத்தால அது நடக்கும்னு உலகத்துக்கு எப்படித் தெரிஞ்சது? அதுக்கு 1940-க்கு, ஸ்காட்லாந்துல இருக்கிற எடின்பரோவுக்குப் போகணும்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பின்கதை. 1927-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹெர்மன் முல்லர், பழ ஈக்கள் மேல எக்ஸ்-ரே பாய்ச்சினா மரபணு மாற்றங்கள் சுமார் 150 மடங்கு கூடுதுன்னு காட்டினார். ஈக்களோட வாரிசுகளுக்கும் அந்த மாற்றம் போனது. சரி, கதிர்வீச்சு செய்யுது. ரசாயனம் செய்யுமா? பலர் தேடியும் உறுதியான பதில் கிடைக்கவில்லை.

இங்கதான் ஷார்லட் அவெர்பாக் வர்றாங்க. பெர்லினில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்பதால் வேலை பறிபோனது. எடின்பரோவுக்கு வந்து டாக்டர் பட்டம் வாங்கினார். முல்லரும் சில வருஷம் அங்கே வேலை பார்த்தார். மியூட்டேஷன் பக்கம் அவெர்பாக்கைத் திருப்பியது அவர்தான்.

அப்போ இரண்டாம் உலகப்போர் நடக்குது. அங்கிருந்த மருந்தியல் துறையில் ஜே. எம். ராப்சனும் மற்றவர்களும் கடுகு வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் உலகப்போரில் வீசப்பட்ட விஷம் அது. கடுகுக்கும் அதுக்கும் வாசனையைத் தவிர சம்பந்தமில்லை. அதனால வர்ற புண், எக்ஸ்-ரே புண் மாதிரியே இருந்தது. ஆற ரொம்ப நாள் ஆனது. அப்படின்னா மரபணுவையும் எக்ஸ்-ரே மாதிரியே தாக்குமோ?

மருந்தியல் துறையோட மொட்டை மாடியில் ஈக்களுக்கு அந்த வாயுவைக் காட்டினார்கள். அவெர்பாக் கைகளில் தீப்புண் மாதிரி புண்கள் வந்தன. 1941-ல் விடை தெளிவானது: ஆமா, ரசாயனமும் மரபணுவை மாற்றும். ஆனா அது போர் ரகசியம். கடுகு வாயுன்னு பெயர் சொல்லி வெளியிட 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, அந்த வாயு உள்ளே என்னதான் செய்யுது? டிஎன்ஏ-வின் எழுத்துகள்ல ஒட்டிக்கும். சில சமயம் இரண்டு இழைகளையும் சேர்த்துக் கட்டிப்போடும். இது வெறும் சேதம்தான், இன்னும் மியூட்டேஷன் இல்லை. பெரும்பாலும் செல்லே இதைச் சரிபண்ணிடும். சரிபண்றதுக்குள்ள செல் தன் டிஎன்ஏ-வை நகலெடுத்தா, தப்பான எழுத்து ஏறலாம். சர்வே நம்பர்ல ஒரு இலக்கம் மாறி பத்திரம் பதிவாகிட்டா, அப்புறம் எடுக்கிற எல்லா நகலிலும் அதே தப்பு வரும் இல்லையா? அப்படித்தான். அடுத்த நகலில் இரண்டு இழையும் ஒத்துப்போறதால, சரிபார்க்கிற என்சைம்களுக்கும் அது தப்பாகத் தெரியாது. ‘நிரந்தரம்’னு சொல்றது இதைத்தான். நுரையீரல் செல்லில் நடந்தா அந்த உடம்போடு முடியும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ நடந்தா பிள்ளைக்கும் போகலாம்.

இது ஈக்களோட நிற்கவில்லை. ஜப்பானில் ஒகுனோஷிமா தீவில் 1929 முதல் 1945 வரை ரகசியமாக விஷவாயு தயாரித்தார்கள். போர் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு, அங்கே வேலை பார்த்தவர்களிடம் நுரையீரல், சுவாசக் குழாய் புற்றுநோய் அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். புண் ஆறியிருந்தது. மாறிய எழுத்து ஆறவில்லை.

இதே ரசாயனக் குடும்பம் மருந்தாகவும் ஆனது. 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்டை ஒரு புற்றுநோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேகமா பெருகுற செல்களோட டிஎன்ஏ-வைத் தாக்கினா அவை செத்துடும், அதுதான் கணக்கு. அதே வழியில் வந்த சைக்ளோபாஸ்பமைடு இன்னைக்கும் கீமோதெரபியில் இருக்கு.

இதுல என்னை உறுத்துற விஷயம் ஒண்ணுதான். வெடிகுண்டுக் காயம் உடனே தெரியும். மரபணுக் காயம் இருபது வருஷம் கழிச்சும் தெரியலாம், அதனால அதை மறைக்கிறது சுலபம். அவெர்பாக்குக்கும் இது புரிஞ்சிருக்கணும்னு எனக்குத் தோணுது. அணுகுண்டு சோதனைகள் நடந்த காலத்தில், 1956-ல், ‘ஜெனடிக்ஸ் இன் தி அட்டாமிக் ஏஜ்’னு ஒரு புத்தகம் எழுதினார். விஞ்ஞானிகளுக்காக இல்லை, நம்மளை மாதிரி சாதாரண ஆட்களுக்காக.