ஆறு கப்பல், 2,000 டன்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலடியில் கலவா மீன் மண்டிய பரந்த திட்டு ஒன்று உண்டு. வரைபடத்தில் 'வாட்ஜ் பேங்க்'. என் அப்பா பாய் விரித்துத் தூண்டில் போடப் போன கடல் அது. கொழும்பிலிருந்து இழுவைக் கப்பல்களும் பல பத்தாண்டுகள் அங்கே வந்தன. 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் மாற்றிக்கொண்ட கடிதங்களால் அத்திட்டு இந்தியாவுடையதானது. இலங்கைக்குக் கிடைத்தது மூன்றாண்டு அவகாசம்: இந்திய உரிமத்தோடு அதிகபட்சம் ஆறு கப்பல், ஆண்டுக்கு 2,000 டன் மீன், அவ்வளவே. அதன்பின் இலங்கை விரும்பினால் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் அதே அளவு மீனை இந்தியா விலைக்குத் தரும் என்றும் எழுதினார்கள். கப்பலை எண்ணி, மீனை நிறுத்து, நாளையும் குறித்துவைத்த அந்தத் தெளிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாக் நீரிணையில் இரு நாட்டு மீனவர்களுக்கும் உள்ள சிக்கலைப் பேச உட்காருகிறவர்கள் முதலில் அந்தக் கடிதங்களைப் படிக்கட்டும்.